பனிக்காரியின் கடைசி ஆட்டம்

என் அக்கா தேயிலைக் காட்டில் கொழுந்து வெட்டிக்கொண்டே ஒரு ஜப்பான் பொம்மைப் படத்தை எங்களுக்குச் சொல்லி வந்தாள். கடைசிப் பாகம் மட்டும் பாக்கி இருந்தபோது செத்துப்போனாள். அந்தக் கடைசிப் பாகத்தை நான் சொன்னேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் நான் எழுதாவிட்டால் அக்கா செய்த காரியம் எஸ்டேட்டில் எங்கள் டிவிசனைத் தாண்டி ஒருத்தருக்கும் தெரியாமல் போய்விடும். அவள் செய்தது சின்னக் காரியம் இல்லை.

எங்கள் எஸ்டேட், பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே, மூணாறையும் தாண்டி இருக்கிறது. மார்கழியிலும் தையிலும் இங்கே உறைபனி விழும். விடிந்து பார்த்தால் பந்து விளையாடும் மைதானத்துப் புல் எல்லாம் உப்புத் தூவினதுபோல வெள்ளையாகக் கிடக்கும். டூரிஸ்டுகள் ஜீப்பில் வந்து அதன்மேல் படுத்துக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். எங்களுக்கு அது வேண்டாத விருந்தாளி. வெயில் ஏறினதும் பனி பட்ட கொழுந்து கருகிவிடும். கொழுந்து கருகினால் வேலை குறையும். அப்படி வேலை குறைந்து கிடந்த ஒரு வாரத்தில்தான் அக்காவுக்கு அந்தப் படம் கிடைத்தது.

நாங்கள் இருக்கும் வரிசை வீடுகளில், லைன் வீட்டுக்குள், போனில் டவர் எடுக்காது. தண்ணித்தொட்டி மேட்டுக்கு ஏறினால் எடுக்கும். அக்கா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். படத்தில் ஜப்பான்காரர்கள் அவர்கள் பாஷையில் பேசுவார்கள். கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். அக்கா பிளஸ் டூ முடித்தவள், அதை வாசித்துவிடுவாள். அப்பா போன பிறகு அம்மா ஒருத்தி சம்பளம் பற்றவில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலியும் வந்துவிட்டது. வீட்டிலிருந்து ஆள் வேலைக்குப் போனால்தான் எஸ்டேட் வீடு நம்மிடம் நிற்கும். அதனால் அக்கா படிப்பை விட்டுவிட்டு மலைக்கு வந்தாள். பின்னாலேயே நானும் வந்தேன்.

நான் அந்தப் படத்தை அவளோடு உட்கார்ந்து ஒருநாளும் பார்த்ததில்லை. பார்ப்பதைவிட அவள் சொல்லக் கேட்பது நன்றாக இருந்தது. கொழுந்து வெட்டும்போது ஆளுக்கு ஒரு வரிசைச் செடி, ஒரு நிரை உண்டு. என் நிரைக்கு அடுத்த நிரை அக்காவுடையது. அவளுக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டு அத்தை. கீழே மதினி, பக்கத்து லைனுக்கு வாக்கப்பட்டு வந்தவள். அம்மா முழங்கால் வலியோடு எப்போதும் எங்களுக்கு மேல் நிரையில். கத்திரியின் சத்தத்துக்கு நடுவில் அக்கா சத்தமாகச் சொல்வாள், ஆடியும் காட்டுவாள்.

"ஐஸ் மேல ஒரு பொண்ணு ஆடுதா அத்தை. செருப்புக்கு அடியில கத்தி வச்சிருக்கா."

"கத்தியா? எதுக்குளா கத்தி?"

"வழுக்கிட்டுப் போறதுக்கு."

"நாம வழுக்கக் கூடாதுன்னு பூட்ஸ் போடுதோம். இவ வழுக்கதுக்குன்னே கத்தி போடுதாளாக்கும்," என்றாள் மதினி. "வீட்ல சொல்லிப் பாக்க ஆளு இல்லையா அவளுக்கு?"

அன்றைக்கே அதற்குக் கத்திச் செருப்பு என்று பேர் விழுந்துவிட்டது. ஆடுகிற பெண்ணுக்குப் பனிக்காரி என்று பேர். படத்தில் அவளுக்கு வேறு ஏதோ பேர். அது எங்கள் வாயில் நுழையவில்லை.

அந்த ஆட்டத்தில் போட்டி எப்படி நடக்கும் என்று முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. ஒருத்தி தனியாக ஆடுகிறாள், எதிரில் ஆள் இல்லை, அப்புறம் என்ன போட்டி என்று அத்தை கேட்டாள்.

"ஓரத்துல மேசை போட்டு வரிசையா ஆளுக உக்காந்திருப்பாக. மார்க் போடுவாக. ஆடுறவ விழுந்தா கழிப்பாக."

"விழுந்து அடிபட்டவளுக்கு மேல குடுக்கணும், கழிக்கவா செய்வாக?"

"மழையில நம்ம கொழுந்துக்கு, தண்ணி இருக்குன்னு எடையில கழிக்காகல்ல? அது மாதிரிதான்."

அதற்குமேல் ஒருத்திக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மேசைக்காரர்களை அன்றைக்கே எல்லோருக்கும் பிடிக்காமல் போய்விட்டது.

பனிக்காரி நன்றாக ஆடுவாள், ஆனால் போட்டி என்றால் பயத்தில் விழுந்துவிடுவாள். ஒருநாள் விடியக்காலையில் அவள் தனியாகப் பழகிக்கொண்டிருக்கும்போது ஐஸ்மேல் ஒரு பையன் நிற்கிறான். அவன் ஆடினால் ஐஸில் கோடு விழாது. அவன் செத்துப்போனவன். பெரிய போட்டிக்குப் போகும் வழியில் பஸ் பள்ளத்தில் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தவன். ஐஸ்மேல் மட்டும்தான் அவன் இருக்க முடியும், ஐஸ்மேல் நிற்கிறவர்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான், அதிலும் எல்லோருக்கும் இல்லை. அவன் அவளுக்குப் பழக்கிவிட ஆரம்பிக்கிறான். பழக்கிவிடும்போதே இரண்டு பேருக்கும் பிரியம் வந்துவிடுகிறது.

இந்த இடம் வந்தபோது அக்கா சற்று நிறுத்தினாள். ஏன் என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டு அத்தையின் மகன் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனவன். ஒருநாள் ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது ரோட்டிலேயே போய்விட்டான். அக்காவும் அவனும் ஒரே வகுப்பு. அக்கா அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அத்தை கத்திரியை நிறுத்தாமல் கேட்டாள்.

"அவனுக்குக் காரியம் பண்ணுனாகளா?"

"அது படத்துல காட்டலை அத்தை."

"காட்டலைன்னா பண்ணலை. அதான் போக வழி தெரியாம அலையுதான்."

ஆடி அமாவாசை வந்தது. அத்தை தன் மகனுக்குப் படைத்துவிட்டு, காக்காய்க்கு லைன் கூரைமேல் சோறு வைத்தாள். பக்கத்திலேயே இன்னொரு இலைத் துண்டில் இன்னொரு பிடி வைத்தாள். மதினி அதைப் பார்த்துவிட்டு லைன் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். "ஜப்பான்காரனுக்கும் சேத்துப் படைச்சாச்சு. இனி விசா எடுத்து வந்துருவான்."

அத்தை கோபப்படவில்லை. "எம்மவனுக்கு நான் இருக்கேன். அவனுக்கு யாரு இருக்கா?" என்றாள்.

மறுநாள் நிரையில் அக்கா சொன்ன கதையில், பையன் பனிக்காரியிடம் வந்து, "நேத்து என்னமோ எனக்கு வயிறு நெறஞ்ச மாதிரி இருந்துச்சு," என்று வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னான். மதினி சிரிக்கவில்லை. அத்தை அன்றைக்கு யாரைவிடவும் அதிகம் வெட்டினாள்.

அதற்கு அடுத்த வாரம் கதைக்குள் அந்தப் பையனின் அம்மா வந்தாள். ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு அம்மா வந்து கடைசிப் பெஞ்சில் உட்காருகிறாள், மடியில் தூக்குவாளி. பனிக்காரிக்கு அவள் யாரென்றே தெரியாது. மகன் ஆட முடியாமல் போன ஆட்டத்தைப் பார்க்கத்தான் அவள் வருகிறாள். ஆட்டம் முடிந்து வெளியே வரும் பிள்ளைகளுக்குத் தூக்குவாளியைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பாள்.

"என்ன கொண்டு வருவா?" என்று மதினி கேட்டாள்.

"கப்பக்கிழங்கும் மத்தி மீன் குழம்பும்."

"ஜப்பான்லயா?"

"சுத்திக் கடல் மதினி. கடல் இருந்தா மத்தி இருக்கும். மத்தி இருந்தா கப்பை இல்லாம இருக்குமா?"

ஒருநாள் பீல்டு ஆபீசர் பின்னால் வந்து நின்று மலையாளத்தில், "எந்தா இவிடே, கதாப்பிரசங்கமோ?" என்றார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா மட்டும், "ஆமா சார். நின்னு கேக்கதா இருந்தா டிக்கெட் எடுக்கணும்," என்றாள். அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு போனார். ஆனாலும் கொஞ்ச தூரம் போய் நின்று கேட்டார். நான் பார்த்தேன்.

கதை முடியப் போகும்போது ஒரு சிக்கல் வந்தது. பனிக்காரி ஒரு பெரிய போட்டியில் விழாமல் முழுசாக ஆடிவிட்டால் அந்தப் பையனுக்கு விடுதலை, அவன் போய்விடுவான். அது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் அடுத்த போட்டியில் அவள் வேண்டுமென்றே விழுகிறாள். எங்கள் நிரையில் இதற்காகவே இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. மதினி விழணும் என்ற கட்சி. "விழுந்தா என்ன? மார்க்தான போவும், ஆளு போவ மாட்டானே." அத்தை விழக் கூடாது என்ற கட்சி. "புடிச்சு வச்சுக்கிட்டா பிரியமா அது? அவனை அனுப்பணும்." பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போதுகூட இந்தச் சண்டை நடக்கும். அம்மா எந்தக் கட்சியிலும் இல்லை. கேட்டுக்கொண்டிருப்பாள், சிரிப்பாள்.

ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை அக்கா கடைசிப் போட்டிவரை கொண்டுவந்தாள். பனிக்காரி ஐஸுக்கு நடுவில் போய் நிற்கிறாள். ஒரு கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டியிருக்கிறாள். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் காற்று. பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. எடை போட மணி அடித்துவிட்டது.

"விழுவாளா மாட்டாளா, அதை மட்டும் சொல்லிட்டுப் போ," என்று மதினி அவள் இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் சீட்டைப் பிடித்து இழுத்தாள்.

"நானே இன்னும் பாக்கலை மதினி. நாளைக்குப் பாத்துட்டுத் திங்கக்கெழமை சொல்லுதேன்."

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். கண் மஞ்சளாகிவிட்டது. ஜீப் பிடித்துக் கீழே பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்த வாரம் முடிவதற்குள் அதே ஜீப் ரோட்டில் அவளை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தோம். இதைப்பற்றி இவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நானும் அம்மாவும் வேலைக்குப் போனோம். அக்காவின் நிரையில் ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கும் ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். அவள் முன்பே எங்கள் டிவிசனில் கீழ்ப்பக்கம் வெட்டிக்கொண்டிருந்தவள்தான். யாரும் கதையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அம்மா யாரோடும் எதையும் பேசவில்லை. கத்திரிச் சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தம் அவ்வளவு பெரியது என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

இரண்டு மூன்று நாள் போனதும் அந்த ஜார்க்கண்ட் பெண் என்னைத் தொட்டுக் கூப்பிட்டாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். கத்திரியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். அக்கா கடைசியாகக் காட்டிய அதே மாதிரி. "பிறகு?" என்றாள்.

மதினி பாய்ந்து வந்து, "ஏளா, உனக்கு விவரம் இருக்கா? பேசாம வேலையப் பாரு," என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. கையை நீட்டியபடியே நின்றாள். கீழே இருந்து பாஷை தெரியாமலே அத்தனை மாதமும் அக்காவின் கையையும் காலையும் பார்த்து இவள் கதை கேட்டிருக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு நிமிர்ந்துபோனது. அப்போது அத்தை என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அவ கேட்டதுல என்ன தப்பு? எனக்கும் தெரியணும். அந்தம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம எனக்கு உறக்கம் புடிக்கலை."

அந்தம்மா என்று அத்தை சொன்னது பையனின் அம்மாவை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். "பாத்துட்டு வந்து நான் சொல்லுதேன் அத்தை," என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. நான் சொல்லிக் கெடுத்துவிட்டால் கெட்டுப்போவது அக்காவின் கதை.

அக்காவின் போனை அம்மா அவள் சுவெட்டரில் சுற்றி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். கேட்டேன். எடுத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தண்ணித்தொட்டி மேட்டுக்குப் போய் அக்கா உட்காரும் கல்லில் உட்கார்ந்தேன்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், கூட்டி வாசிப்பேன். ஆனால் ஒரு வார்த்தையைக் கூட்டி முடிப்பதற்குள் அந்த வரியே போய்விடுகிறது. அதனால் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தேன். பனிக்காரி அக்கா சொன்னதைவிட ஒல்லியாக இருந்தாள். ஐஸ் அவ்வளவு வெள்ளை. அவள் நடுவில் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றதும், சரியான இடத்துக்கு வந்துவிட்டேன் என்று தெரிந்தது. நான் கடைசிப் பெஞ்சைத் தேடினேன். பெஞ்சுகளைக் காட்டினார்கள். தூக்குவாளி வைத்த அம்மா இல்லை.

கடைசியில் வருவாள் என்று முழுவதும் பார்த்தேன். வரவில்லை. ஒருவேளை கடைசிப் போட்டிக்கு வரவில்லையோ என்று முந்தின பாகத்தைப் போட்டேன். அதிலும் இல்லை. முதலிலிருந்து தள்ளித் தள்ளிப் பார்த்தேன். போன் சூடாகிவிட்டது. எந்தப் பாகத்திலும் அப்படி ஒரு அம்மா இல்லை. ஆடி அமாவாசைக்குப் பிறகு அக்கா சொன்ன பாகத்தைத் தேடிப் பார்த்தேன். பையன் எங்கேயும் வயிற்றைத் தடவவில்லை. அக்கா ஒரு வாரம் முழுக்கச் சொன்ன பாகம் இங்கே கஞ்சி கொதிக்கிற நேரம்கூட ஓடவில்லை.

அந்த அம்மாவை அக்காவே செய்திருக்கிறாள். எதிர்வீட்டு அத்தைக்காகச் செய்து, ஜப்பானுக்கு அனுப்பி, பெஞ்சில் உட்காரவைத்து, கையில் நம் வீட்டுக் குழம்பையும் கொடுத்துவிட்டிருக்கிறாள். அதில் ஒட்டு தெரியவில்லை. ஒரு டிவிசன் பெண்கள் மாதக்கணக்காகக் கேட்டும் ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. நான் அவளோடு ஒரே பாயில் படுக்கிறவள், எனக்கே வரவில்லை. அந்தக் கல்லில் உட்கார்ந்துகொண்டு சத்தமாகச் சிரித்தேன். தொட்டியில் தண்ணீர் திறக்க வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டார். அக்கா செத்த வீட்டுப் பிள்ளை சிரிக்கிறதே என்று நினைத்திருப்பார்.

போன தையில் ஒரு விடியலில் அக்கா என்னை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. பனி விழுந்த புல்மேல், இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் சீட்டை விரித்து, பூட்ஸோடு ஓடிவந்து அதில் கால் வைத்தாள். ஒரு சுற்று சுற்றினாள், நிஜமாகவே. அப்புறம் மல்லாக்க விழுந்தாள். விழுந்த இடத்திலேயே கிடந்துகொண்டு, "தண்ணிக்குக் கழிச்சுக்கோளா," என்றாள். அவள் வாயிலிருந்து புகை வந்தது.

கடைசிப் பாகத்தை மறுபடியும் பார்த்தேன். பையன் மறைவதற்குமுன் அவளிடம் என்னமோ சொல்கிறான். கீழே ஒரு சின்ன வரி வந்து போகிறது. நிறுத்தி வைத்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் யாரிடமாவது காட்டினால் வாசித்துச் சொல்லியிருப்பார்கள். நான் காட்டவில்லை. அக்கா அதை வாசித்துவிட்டு வேறு என்ன சொல்லியிருப்பாள் என்றுதான் யோசித்துக்கொண்டு இறங்கினேன்.

திங்கட்கிழமை தூறல். எல்லோரும் நிரையில் இறங்கினதும் ஆரம்பித்தேன்.

"பாட்டு தொடங்கிருச்சு," என்றேன்.

"சத்தமாச் சொல்லுளா," என்றாள் மதினி. "கத்திரிக்குச் சொல்லுதியா, எங்களுக்குச் சொல்லுதியா?"

"பாட்டு தொடங்கிருச்சு. நீலக் கவுனு போட்டிருக்கா."

"உங்கக்கா வெள்ளைன்னு சொன்னா."

"அது பழகுறப்போ போடுறது. இது போட்டிக்கு."

"சரி சரி. ஆடிக் காட்டு. உங்கக்கா ஆடிக் காட்டுவா."

ஒரு கையில் கத்திரியோடு நான் ஒரு காலைத் தூக்கிக் காட்டினேன். சரிவில் வழுக்கி, செடியைப் பிடித்துக்கொண்டேன். "கழிச்சாச்சு," என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எனக்குக் குரல் வந்துவிட்டது.

அவள் பின்னால் போய், வேகம் எடுத்து, எம்பிச் சுழல்வதைச் சொன்னேன். பக்கத்தில் அவனும் எம்புவதைச் சொன்னேன். இறங்கும்போது அவள் கால் லேசாக ஆடுகிறது.

"விழு, விழு," என்றாள் மதினி.

"விழலை. அவன் கைய நீட்டுனான், புடிச்சுக்கிட்டா."

"அப்ப போயிருவானே."

"கொஞ்சங்கொஞ்சமாப் போனான் மதினி. மஞ்சு எறங்குறப்போ கீழ இருக்க செடி மொதல்ல மறையுமில்ல? அது மாதிரி மொதல்ல காலு தெரியலை. அப்புறம் இடுப்பு. கை மட்டும் இருந்துச்சு. போறப்போ ஒண்ணு சொன்னான்."

"என்ன சொன்னான்?"

படத்தில் அந்தச் சின்ன வரி வந்து போன நேரம்தான் எனக்கும் இருந்தது. "நீ ஆடு, நான் பாத்துக்கிட்டே போறேன்னான்," என்றேன்.

மதினி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு முன்னாலயே தெரியும், இவன் நிக்க மாட்டான்னு," என்றாள்.

அத்தை இப்போது கேட்டாள். "அவன் ஆத்தா வந்திருந்தாளா?"

"வந்திருந்தாங்க அத்தை. அதே கடைசிப் பெஞ்சு. மடியில தூக்குவாளி."

"அவ கண்ணுக்கு அவன் தெரிஞ்சானா?"

ஐஸ்மேல் நிற்கிறவர்கள் கண்ணுக்குத்தான் அவன் தெரிவான் என்று அக்கா முதலிலேயே சட்டம் போட்டுவிட்டாள். அதை நான் மீறக் கூடாது. "தெரியலை அத்தை. ஆனா ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் அந்தப் புள்ளையப் பாத்துக் கைதட்டுனாக. அந்தம்மா மட்டும் அவ பக்கத்துல இருந்த வெறும் எடத்தப் பாத்துக் கைதட்டுனாங்க."

கத்திரிகள் நின்றுவிட்டன. அத்தை பையில் இருந்த கொழுந்தை அமுக்கிவிட்டாள்.

"அப்போ தெரிஞ்சிருக்கு," என்றாள். மறுபடியும் வெட்ட ஆரம்பித்தாள்.

கதை முடிந்தது என்று நினைத்து நான் மூச்சு விட்டேன். அப்போது மேல் நிரையிலிருந்து குரல் வந்தது. காரியம் முடிந்த பிறகு காட்டில் வைத்து அம்மா பேசியது அதுதான் முதல் தடவை.

"அந்தப் புள்ள ஜெயிச்சாளா?"

படத்தில் பார்த்தது என் கண்ணில் இருந்தது. மூன்று படி வைத்த மேடை. நடுப்படியில் வேறு ஒருத்தி. "ரெண்டாவது எடம்மா," என்றேன்.

"ஏன்? விழலைன்னுதான சொன்ன?"

"விழலைம்மா. தனியா ஆடுற ஆட்டத்துல பக்கத்துல ஆளுக்கு எடம் விட்டு ஆடுனா. அதுக்குக் கழிச்சுட்டாக."

நிரை முழுக்க மேசைக்காரர்களைத் திட்டியது. மதினி சொன்னதை இங்கே எழுத முடியாது. அம்மா திட்டவில்லை. கத்திரியில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டாள்.

"எம்மவ சொல்லியிருந்தா மொத எடம் குடுத்திருப்பா," என்றாள்.

அக்கா கதையை மாற்றிச் சொன்னது அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. தூக்குவாளியில் இருந்தது அவள் வைக்கிற குழம்பு.

"இரும்மா, கதை இன்னும் முடியலை," என்றேன். "மார்க்கத் திரும்பவும் கூட்டுனாக."

"கூட்டுவாக, கூட்டுவாக," என்றாள் மதினி. "கழிச்சதத் திருப்பிக் குடுத்த சரித்திரம் எங்கயாவது உண்டா?"

"குடுத்தாக மதினி."

"யாரு போயிக் கேட்டா?"

"அந்தம்மா."

ஜார்க்கண்ட் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் புரிய வேண்டும் என்று நான் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு நடந்து காட்டினேன். அந்த அம்மா கடைசிப் பெஞ்சிலிருந்து எழுந்து, படி இறங்கி, அத்தனை ஜனத்துக்கும் நடுவில் மேசைவரை போகிறாள். தூக்குவாளியை மேசைமேல் டங்கென்று வைக்கிறாள். மேசைக்காரர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

"அந்தம்மா சொன்னாங்க, இந்தப் புள்ள எடம் விட்டதுக்கு எப்படிக் கழிப்பிய? அது வெறும் எடம் இல்ல. அங்க எம்மவன் நின்னான்."

அத்தைதான் மெல்லக் கேட்டாள். "குடுத்தாகளா?"

"குடுத்தாக அத்தை. மொத எடம். நடுப்படியில ஏத்துனாக. அப்பவும் அவ ஓரமாத்தான் நின்னா, பக்கத்துல எடம் விட்டு."

"அப்படிச் சொல்லு," என்றாள் அத்தை.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மழையா வேறு எதுவா என்று தெரியவில்லை. ஆனால் நிமிர்ந்து நின்றிருந்தாள்.

மத்தியானம் எடை போடும் இடத்தில் வரிசையாக நின்றோம். தூறல் நிற்கவில்லை. பீல்டு ஆபீசர் மதினியின் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெள்ளம் உண்டு. கழிக்கணும்," என்றார். தண்ணிக்கு அவர் பாஷையில் வெள்ளம்.

"பனிக்காரிக்கே கழிச்சதத் திருப்பிக் குடுத்துட்டாக, நீங்க குடுக்கக் கூடாதா சார்?" என்றாள் மதினி.

"ஆரா பனிக்காரி?"

வரிசை குலுங்கிச் சிரித்தது. மதினி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அம்மா தன் பையைத் தராசில் வைத்துவிட்டு நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அது ஒரு கதை, சார். எம் மூத்த மவ உண்டாக்குனது."

அவர் பேனாவை எடுத்தார். அம்மாவுடையதிலும் தண்ணிக்குக் கழித்துத்தான் எழுதினார். அம்மா அதைக் கவனிக்கவில்லை. காலிப் பையை உதறி மடித்துக்கொண்டு, பின்னால் நின்ற ஜார்க்கண்ட் பெண்ணிடம் திரும்பினாள்.

"எம் மூத்த மவ உண்டாக்குனது," என்று அவளிடமும் சொன்னாள்.